மூடாத ஷெல்

ஓசூரில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில், ஆயுதபூஜைக்கு முதல் நாள் மட்டும்தான் கணினி சர்வரை நிறுத்துவோம். அதைச் செய்தவர் கெலமங்கலத்திலிருந்து வந்துபோன ஆபரேட்டர். ஒல்லியான மனிதர். ஏசி குளிருக்குக் காதை மூடும் குல்லாய். நிறுத்துவதற்கு முன், யார் யாரோ கட்டளை அடிக்கத் திறந்து விட்டுப்போன ஷெல் என்னும் சாளரங்களைத் தேடித் தேடி மூடுவார்.

போன வருடம் ஒன்று மிஞ்சியது. அதற்கு இரண்டு மாதம் முன்பு விபத்தில் இறந்த ஸ்டோர்ஸ்காரர் திறந்தது.

"சிஸ்டமே அதை மூடிடாதா சார்?" என்றேன்.

"முடிச்சுக்கோன்னு சிக்னல் அனுப்பும் சார். ஷெல்லு கண்டுக்காது. எதிர்ல ஆள் உக்காந்திருக்காருன்னே நெனச்சிட்டு இருக்கும். கொஞ்ச நேரம் பாத்துட்டு சிஸ்டம் கொன்னுடும். அப்படிக் கொல்றது எதுக்கு? லைன் கட்டாயிடுச்சு, ஆள் போயிட்டாருன்னு சொல்ற சிக்னல் ஒண்ணு இருக்கு. அதை அனுப்பினா தானாவே போயிடும்."

குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதை அனுப்பினார். ஸ்டோர்ஸ்காரரின் பெயர் திரையிலிருந்து மறைந்தது.

இந்த வருடம் ஆபரேட்டர் இல்லை. மூன்று வாரமாக வேலைக்கு வரவில்லை. போன் அணைந்திருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறது. சர்வரை நிறுத்தும் வேலை என்னிடம் வந்தது. எல்லாவற்றையும் மூடிய பிறகு ஒரே ஒரு ஷெல் மிஞ்சியது, அவர் பெயரில்.

ஆள் போய்விட்டார் என்று சொல்லும் கட்டளையை அடித்துவிட்டு, என்டரை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். அப்படி என்னிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.