ஒன்பதாம் தெரு சூப்புக்கடை வெர்னா

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரின் மையத்தில், ஒன்பதாம் தெருவில் வெர்னா பெட்டிஃபோர்டு முப்பது வருடமாகச் சூப்புக்கடை நடத்துகிறார். முன்பு வாடிக்கையாளர்கள் எல்லோரும் எதிர்க் கட்டடத்துக் காப்பீட்டு அலுவலகக்காரர்கள். சாயங்காலம் கார்கள் புறநகருக்குப் பறந்துவிட்டால் தெருவில் ஈ காக்கை இருக்காது. வெர்னாவும் கடையைப் பூட்டிவிட்டு, கணவர் இறந்தபின் தனியாக வாழ்ந்த தன் புறநகர் வீட்டுக்குப் போய்விடுவார்.

ஒருநாள் அந்த அலுவலகம் ஊரைவிட்டே போனது. கடையை மூடிவிடலாம் என்று அவர் நினைத்திருந்தபோதுதான், காலியாகக் கிடந்த கட்டடத்தை வீடுகளாக மாற்றினார்கள். முதலில் குடிவந்தவர்களில் நானும் ஒருத்தி.

"மேசை போட்ட இடத்துல கட்டிலா? தூக்கத்துலயும் வேலை வாங்கப்போறாங்க, பாத்துக்கோ!" என்று வெர்னா சிரித்தார்.

"அது கிடக்கட்டும் மிஸ் வெர்னா. ஞாயித்துக்கிழமை சூப்புக்கு நாங்க எங்க போறது?"

"ஞாயித்துக்கிழமையா? இந்தத் தெருவுலயா?"

கேலி செய்தாரே தவிர, அடுத்த ஞாயிறே கடையைத் திறந்துவிட்டார்.

நாங்கள் குடிவந்த இரண்டாம் குளிர்காலத்தில், ஒரு ஞாயிறு காலை, கடைக்குப் பின்னாலிருந்த சந்தில் வெர்னா பனிக்கட்டி வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து எழ முடியவில்லை; கைப்பேசி காரில் இருந்தது. முன்பெல்லாம் என்றால் திங்கட்கிழமை வரை அங்கே யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்று எங்கள் கட்டடத்து நான்காம் மாடி டெஸ்மண்ட் தன் நாயோடு அந்தப் பக்கம் வந்தார். நாய் குரைத்த பக்கம் போய்ப் பார்த்தவர், தன் கோட்டை அவர்மேல் போர்த்திவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தார்.

வெர்னா மருத்துவமனையில் இருந்தவரை, கட்டடத்துக்காரர்கள் முறைபோட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டோம். டெஸ்மண்ட் வைத்த பீன்ஸ் சூப்பை அவருக்கே கொண்டுபோனோம்.

ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தார். "ரோட்டுப் பனி உருக உப்புத் தூவுவாங்கள்ல, அதுக்குப் பதிலா இதை ஊத்துப்பா. இத்தனை உப்புக்குப் பனி தானா உருகிடும்!"

ஆனால் கிண்ணத்தைக் காலிசெய்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அதன்பின் அவரால் கார் ஓட்ட முடியவில்லை. புறநகர் வீட்டை விற்றுவிட்டு எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடிக்கே வந்துவிட்டார். பெட்டிகளை ஏற்றி முடித்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா இங்க எனக்கு வாடிக்கைக்காரங்க இருந்தாங்க கண்ணு. பக்கத்து வீட்டுக்காரங்க இருந்ததில்ல."

அன்று மாலையே டெஸ்மண்ட் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "மிஸ் வெர்னா, ஒரு வெங்காயம் இருக்குமா?" என்றார். வெர்னா இரண்டு கொடுத்தார்.