தேத்தண்ணியும் தண்ணிதான்

எங்கள் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே கைமருந்து, தேயிலை போட்டு ஊற்றும் தேத்தண்ணி. தலையிடித்தால் தேத்தண்ணி, வயிற்றைப் பிரட்டினால் சாயம் கூடப் போட்ட தேத்தண்ணி. மீற்றர் பார்க்க வந்தவருக்கும் தேத்தண்ணி, வேலிச் சண்டைக்கு வந்த பக்கத்து வளவுக்காரிக்கும் தேத்தண்ணி. அவள் அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்கினாள். "தண்ணி குடிச்சியா புள்ள?" என்று அம்மா கேட்டால் தேத்தண்ணி குடித்தாயா என்றுதான் அர்த்தம். யாராவது பச்சைத்தண்ணீர் கேட்டால் நம்மோடு ஏதோ கோபம் போல என்று அவருக்கு மனம் சுருங்கிவிடும். "தேத்தண்ணியும் தண்ணிதானே" என்பது அவர் வாயோடு ஒட்டிக் கிடந்த பேச்சு.

அதைச் சொல்லிக் காட்டி நான் அவரைப் பகிடி பண்ணாத நாளில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தங்கச்சி அப்படியில்லை. அடுத்தவர் மனம் நோகுமென்றால் கசப்பையும் சிரித்துக்கொண்டு விழுங்கிவிடுவாள். இந்தக் குணம் நல்லது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் எப்போதும் எரிச்சல்தான்.

பெரியகல்லாற்றில் வாவிக் கரையோடு எங்கள் வளவு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கே போகும். முன்பாதியில் எனக்கு ஒரு வீடு, பின்பாதியில் அம்மா இருக்கும் பழைய வீடு தங்கச்சிக்கு. கலியாணம் முடிந்ததும் அவள் புருஷன் அங்கேதான் வந்தான். தோணியில் போய் வாவியில் வலை போடுகிறவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். மூத்த பெண்குழந்தை பால் மறக்கும் முன்பே அடுத்தது வயிற்றில் தங்கிவிட்டது. "என்ன புள்ள இது, மழைக்கு முதல் விதைக்கிற ஆக்கள் மாதிரி அவசரம்?" என்று கேட்டேன். தங்கச்சி வெட்கத்தில் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள்.

கிளினிக்கில் விரலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள். கொஞ்சம் குறைவு, பயப்படத் தேவையில்லை என்றார்கள். மூன்று மாதம் கழிந்ததும் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து, மறக்காமல் தண்ணீரோடு போடச் சொன்னார்கள். குளிசை எதோடு சேரும், எதோடு சேராது என்று பிள்ளைத்தாச்சிகளுக்கு விளங்கப்படுத்தும் வகுப்பு ஒன்றும் வைத்தார்கள். அன்றைக்கு மார்கழி மழை. ரோட்டுக்கு மேலால் வெள்ளம் போனது. எங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தியும் போகவில்லை. அதற்குப் பிறகு கிளினிக்கில் அதை எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றே எடுத்துக்கொண்டார்கள், எங்கள் வீட்டுக்குத் தெரியாது.

குளிசை தங்கச்சிக்குக் குமட்டியது. வாயில் துருப்பிடித்த ஆணியை வைத்தது போல இருக்கிறது என்றாள். அம்மா அந்தப் பொறுப்பைத் தன் தலையில் எடுத்துக்கொண்டார். விடிய எழும்பி அடுப்பை மூட்டி, முதல் கொதியில் நல்ல சாயமாக ஊற்றி, ஒரு கையில் குளிசையும் மறு கையில் கோப்பையுமாக அவள் பாயடியில் போய் நிற்பார்.

"வெறுந்தண்ணியோட போட்டா பிரட்டும் மகள். சூட்டோட முழுங்கு."

சூட்டோடு விழுங்கினால் குமட்டல் அடங்கத்தான் செய்தது. அவள் குடித்து முடிக்கும்வரை அம்மா பக்கத்திலேயே குந்தியிருந்து, வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டு எழும்புவார். மழையிலும், தனக்குக் காய்ச்சலடித்தபோதும், அது ஒரு நாளும் தவறவில்லை.

பங்குனியில் தங்கச்சி ஐஸ் தின்னத் தொடங்கினாள். புருஷன் மீனுக்கு வாங்கிவந்து சூடு புகாத றெஜிபோம் பெட்டிக்குள் வைக்கும் ஐஸ் கட்டியில் ஒரு பக்கத்தை உடைத்துக் கழுவி, நாள் முழுக்கக் கறுக்கு கறுக்கென்று கடிப்பாள். "வயித்துக்குள்ள கிடக்கிறது புள்ளையா, இறாலா? ஐஸ் கேக்குது" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தவள் மூச்சு வாங்கிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வெயில்தான் என்று நினைத்தோம். அந்த வருடம் வெயிலும் அப்படித்தான் கொளுத்தியது.

பிள்ளைத்தாச்சிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் மிட்வைஃபுக்கு அந்தக் கறுக்குச் சத்தம் சிரிப்பைத் தரவில்லை. தங்கச்சியை வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து கீழ்க்கண்மடலை இழுத்துப் பார்த்தார். நகங்களை அழுத்திப் பார்த்தார்.

"ரத்தம் காணாத ஆக்களுக்கு இப்பிடி ஐஸ், அரிசி எண்டு மனம் போகும். நாளைக்கே கிளினிக்குக்கு வாங்க."

இரத்தத்தின் அளவு முன்பைவிட இன்னும் இறங்கியிருந்தது. குளிசையைக் கூட்டினார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடோ என்று வேறொரு சோதனையும் செய்தார்கள், அது இல்லை. முருங்கையிலை, பொன்னாங்காணி, ஈரல் என்று சொன்னதையெல்லாம் அம்மா ஆக்கினார். புருஷன் நல்ல மீனை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அடுத்த முறை பார்த்தபோதும் இரத்தம் ஏறவில்லை. டொக்டர் தங்கச்சியிடம், "குளிசையப் போடுறீங்களா, இல்ல வீசுறீங்களா? உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டாராம். அவள் வீட்டுக்கு வந்து அழுதாள்.

எனக்கு வந்த கோபத்தைவிட அம்மாவுக்கு வந்த கோபம் பெரிது. அடுத்த கிளினிக்குக்கு வெள்ளைச் சீலை உடுத்துத் தானே கூடப் போனார். டொக்டருக்கு முன்னால் நின்று, "என்ட கையால நான் குடுக்கிறன் ஐயா. ஒரு நாள் தப்பியிருந்தா என்ட கண் ரெண்டும் அவிஞ்சி போகட்டும்" என்றார். வரிசையில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எதோடு கொடுக்கிறீர்கள் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தண்ணியோடு என்றுதான் அம்மா சொல்லியிருப்பார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யுமில்லை.

குளிசை உடம்பில் சேரவில்லை, வார்ட்டில் படுக்கவைத்து நரம்பால் இரும்புச்சத்தை ஏற்ற வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அடுத்த கிழமை வந்து படுக்கத் துண்டு எழுதித் தந்தார். பேறுக்கு இன்னும் நாளிருக்கிறது, அதற்குள் ஏற்றிவிடலாம் என்றார். நாங்கள் அந்தக் கிழமையை நம்பிக்கொண்டிருந்தோம்.

வைகாசி மத்தியானம் ஒன்றில், கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். கால்வழியே தண்ணீர் போனது. ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் அவளை என் மேல் சாய்த்து வைத்திருந்தேன். கல்லடிப் பாலத்தில் காற்று அடித்தபோது அவள் கையைப் பிடித்தேன். அந்த வெயிலில் அது குளிர்ந்து கிடந்தது. அவள் விரல் நகங்களில் நிறமே இல்லை. எனக்கு அப்போதுதான் முதன்முதலாகப் பயம் வந்தது.

பிள்ளை ஆண். பெறும்போது போன இரத்தம் மற்றப் பெண்களுக்கு ஒரு பெரிய விஷயமில்லையாம். இவள் உடம்பில் போவதற்கு இருந்ததே கொஞ்சம்தான். தோணிக்காரப் பெடியன்மார் கட்டிய சாரத்தோடு ஓடிவந்து இரத்தம் கொடுத்தார்கள். பை பையாக ஏற்றினார்கள். தங்கச்சி பிழைத்தாள். பிள்ளை காலத்துக்கு முந்தி வந்தவன், வயிற்றில் இருக்கும்போதே ஒழுங்காக வளராதவன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அவனுடைய தலை முழுதும் தகப்பனின் உள்ளங்கைக்குள் அடங்கியது. தங்கச்சியை ஒரு தரம் சக்கர நாற்காலியில் கொண்டுபோய்க் காட்டினார்கள். சில நாளில் அவன் போய்விட்டான். தகப்பன்தான் அவனைத் துவாயில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தான். ஆட்டோவுக்குள் வழி நெடுக அந்த மனிதன் துவாயின் விளிம்பைச் சரிசெய்துகொண்டே இருந்தான். எனக்குப் பேச ஆயிரம் சொல் தெரியும், அன்றைக்கு ஒன்றும் உதவவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

தங்கச்சி வீட்டுக்கு வந்த பிறகு மிட்வைஃப் பார்க்க வந்தார். இரும்புச்சத்துக் குளிசையை இன்னும் சில மாதம் விடாமல் போட வேண்டும் என்றார். எதோடு போட்டீர்கள் என்று அப்போதுதான் தற்செயலாகக் கேட்டார். தங்கச்சி வாய் திறக்க முன்பே குசினிக்குள்ளிருந்து அம்மாவின் பதில் வந்தது.

"நான்தானே மிஸ் குடுத்த. சுடச்சுடத் தேத்தண்ணியோட, ஒரு நாள் தப்பாம. இருங்க, உங்களுக்கும் கொதிக்குது."

மிட்வைஃப் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழும்பி, என்னைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு வளவு வாசல் கடப்படிக்குப் போனார். ஸ்கூட்டியைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார்.

"தேத்தண்ணி இந்தக் குளிசைட சத்த உடம்பில சேர விடாது. தேசிக்காப் புளி பிழிஞ்ச தண்ணியோட போடணும். தேத்தண்ணிய ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்கணும்."

"அதாலதான் புள்ள போச்சா மிஸ்?"

"அது மட்டும் எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது. ரெண்டு புள்ளைக்கும் இடைவெளி இல்ல, முதலே ரத்தம் குறைவு. ஆனா…" அவர் அந்த ஆனாவை முடிக்கவில்லை. "அம்மாக்கு இதச் சொல்லித்தான் ஆகணுமா?"

"வேணாம்" என்றேன்.

அவர் போய்விட்டார். நான் திரும்பி வந்தபோது அம்மா குசினிக்குள் பானை கழுவிக்கொண்டிருந்தார். மிட்வைஃபுக்கு ஊற்றிய தேத்தண்ணி முற்றத்து வாழையடிக் கல்லில் ஆடை கட்டிப்போய் இருந்தது. நான் அதை எடுத்து வாழைக்கு ஊற்றினேன். வேறொன்றும் யோசிக்கவில்லை.

தங்கச்சிக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, குளிசையை ஒழுங்காகப் போட வேண்டுமே. கேட்டு முடித்துவிட்டு அவள் மடியில் இருந்த மூத்த மகளின் தலையில் பேன் பார்ப்பதுபோல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மாக்குச் சொல்லிராத அக்கா. அவ தாங்க மாட்டா."

அம்மாவிடம் நான் ஒரு கதை கட்டினேன். இது புதுக் குளிசை, தேசிக்காயோடு போடுவது என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்க்காமல், "சரி புள்ள" என்றார். மறுநாளே மரத்தடியில் தேசிக்காய் பொறுக்கினார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. அந்த வீட்டில் கேள்வி கேட்காமல் அம்மா ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். நானோ என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டேன்.

தங்கச்சிக்கு மெல்ல மெல்ல உதட்டில் நிறம் வந்தது. ஐஸ் ஆசை போனது. அம்மா தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தினார். நெஞ்செரிவு என்றார். மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பதையும் எங்களிடம் விட்டுவிட்டார். வயது போகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

போன ஐப்பசியில் பக்கத்து வளவுப் பிள்ளை வந்தாள். முதல் பிள்ளைத்தாச்சி, முகம் வெளிறிப்போய், குளிசை குமட்டுகிறது என்று தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கச்சி பழக்கத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றி அவளுக்கும் ஒன்று கொடுத்தாள். வாசலில் இருந்த அம்மா எழும்பி வந்தார். அந்தப் பிள்ளையின் கையிலிருந்து கோப்பையை வாங்கினார். எங்கள் வீட்டில் கொடுத்த தேத்தண்ணியைத் திருப்பி வாங்கியதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"குளிசை போடுற நேரத்தில இது வேணாம் புள்ள. தேசிக்காத் தண்ணியோட போடு. இத ஆறுதலாப் பிறகு குடி." கோப்பையைத் திண்ணையில் வைத்தார். "எனக்கு ஆரும் சொல்லல்ல."

வாழையடிக் கல்லில் ஆடை கட்டிக் கிடந்த கோப்பை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்த ஒருவரையும் தேத்தண்ணி கொடுக்காமல் போகவிடாத மனிசி. மிட்வைஃபுக்கு ஊற்றிக்கொண்டு கடப்படி வரைக்கும் வந்திருக்கிறார். நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறார். கோப்பையைக் கல்லில் வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். தாயறியாத சூலா என்று ஊரில் சும்மாவா சொல்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒளித்துக்கொண்டிருந்த அத்தனை மாதமும் அவர் அதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தார். எனக்கு ஆரும் சொல்லல்ல என்றது அந்த மார்கழியையா, எங்களையா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்தப் பிள்ளை போன பிறகு தங்கச்சி ஒரு கோப்பையில் நல்ல சாயமாக ஊற்றிக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"குடிங்க அம்மா."

அம்மா கோப்பையை வாங்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு நாளும் நான்தானே மகள் ஊத்தித் தந்த."

"ஒவ்வொரு நாளும் நான்தானே அம்மா கேட்ட" என்றாள் தங்கச்சி.

அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.