கையைத் தட்டிக் காட்டுங்க, மாமா

மாமாவை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அன்று நடந்ததை ஏதோ விளையாட்டு என்று இன்றும் பூசி மெழுகுகிறார்கள். விளையாட்டெல்லாம் இல்லை. நான் மனதில் கறுவிக்கொண்டுதான் அந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன்.

மாமா என் அம்மாவின் அண்ணன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வைத்திருப்பவர். நான் பள்ளியில் படித்தபோது ஓர் ஆடிப் பதினெட்டு அன்று அவருடைய ஷெட்டில் ஆண்கள் மூணு சீட்டு ஆடினார்கள். பாதி ஆட்டத்தில் யாரோ சந்தேகப்பட்டுச் சீட்டுக் கட்டை எண்ணச் சொன்னார்கள். ஒரு சீட்டு குறைந்தது. எல்லோரும் எழுந்து வேட்டியை உதறினார்கள். மாமாவுக்குப் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் ஓர் ஆஸ் கிடந்தது. "நான் எடுக்கலீங்க" என்று அப்பா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. முதலில் சிரித்தது மாமாதான்.

அதுவரை பாகப்பிரிவினை என்றாலும் கல்யாணப் பேச்சு என்றாலும் நடுவில் உட்கார அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு ஒருத்தரும் கூப்பிடவில்லை. அது மாமாவின் வேலை என்று அப்பா வீட்டில் சொன்னபோது அம்மாகூட, "எங்கண்ணனுங்களா அப்படிச் செய்வாரு?" என்றுதான் கேட்டாள். அப்பா அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். பெரிய மனசு என்றார்கள். எனக்கு அந்தப் பெரிய மனசைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

படித்து முடித்து நான் கோவாவுக்குப் போய், ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பல் ஒன்றில் சீட்டுப் போடும் வேலையில் சேர்ந்தேன். "அப்பன் கள்ளச் சீட்டு, மக சூதாட்டக் கப்பலு" என்று மாமா விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிச் சிரிப்பாராம். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

அங்கே பயிற்சியில் சீட்டைத் தருவதற்கு முன்னால் கையைத்தான் பழக்கினார்கள். சட்டைக்குப் பாக்கெட் கிடையாது. மூக்கு அரித்தால்கூட முதலில் இரண்டு கையையும் தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும். புதுக் கட்டைப் பிரித்தால் முகம் தெரிய விசிறி மாதிரி விரிக்க வேண்டும்; எல்லாச் சீட்டும் இருக்கிறதா என்று ஆடுகிறவர்கள் பார்க்க வேண்டும். பிறகு கவிழ்த்துப் போட்டு மேஜையெல்லாம் அளைந்து கலைக்க வேண்டும். வெட்டுவது வேறு ஆள். வெட்டிய பிறகு மேல் சீட்டு ஒன்றைக் கழித்துவிட வேண்டும். திருடுகிறவன் சீட்டை எப்படி மறைப்பான் என்றும் செய்து காட்டினார்கள். கட்டைவிரல் லேசாக மடங்கி, உள்ளங்கை கீழே பார்த்து, கை எலுமிச்சம்பழத்தை மூடினதுபோல நிற்கும். அந்தக் கையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். மாமா ஆடும்போது அவருடைய வலது கை அப்படித்தான் நிற்கும்.

போன வருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு விடுப்பில் வந்திருந்தேன். பந்தி முடிந்து மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்துச் சீட்டு தொடங்கியது. அப்பா வழக்கம்போலத் தள்ளி, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாமா என்னைப் பார்த்து, "ஏனம்மிணி, கப்பல்ல என்னமோ ஆடுவீங்களாமா, அதைத்தான் எங்களுக்கும் காட்டேன்" என்றார்.

இதற்காகத்தானே காத்திருந்தேன். "இருபத்தொண்ணுங்க மாமா. நீங்களே சீட்டுப் போடுங்க. கேமரா இல்லீல்ல, நான் கேமராவா இருக்கறேன்" என்றேன். சீட்டுப் போடுகிற பெருமை கிடைத்ததும் மாமா குளிர்ந்துபோனார்.

பணம் வேண்டாம் என்று வரவேற்புத் தட்டிலிருந்த கல்கண்டை ஆளுக்கு ஒரு கை கொடுத்தேன். ஆட்டம் எளிது. சீட்டைக் கூட்டினால் இருபத்தொன்றைத் தொட வேண்டும், தாண்டினால் போச்சு. ஆஸை ஒன்று என்றும் எண்ணலாம், பதினொன்று என்றும் எண்ணலாம். சீட்டுப் போடுகிறவருக்கு மட்டும் சொந்த ஆசை கிடையாது. பதினாறு வரை எடுத்தே ஆக வேண்டும், பதினேழு வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். மாமா கட்டை விரித்துக் காட்டினார், அளைந்தார், சித்தப்பா வெட்டினார். "ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் கையத் தட்டிக் காட்டோணும் மாமா. எல்லா ஊர்லயும் அதான் முறை" என்றேன். தட்டினார். பொம்பளைகள் எல்லாம் வந்து சுற்றி நின்று சிரித்தார்கள்.

முறைப்படி ஆடினால் மாமாவுக்கு ஆடவே தெரியவில்லை. அடுத்தடுத்துத் தோற்றார். அவருடைய கல்கண்டைச் சின்னஞ்சிறுசுகள் வாயில் போட்டுக் கடித்தன. துண்டால் தொடையை மறைத்தால் "துண்டைத் தோள்ல போடுங்க மாமா" என்றேன். மீசையைத் தடவினால் "கை, மாமா" என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு அவ்வளவு இனித்தது. பிறகு நானே வாயை மூடிக்கொண்டேன். துண்டு மறுபடி மடிக்கு இறங்கியது. அதைத்தான் எதிர்பார்த்தேன்.

அடுத்த ஆட்டம் முடிந்து சீட்டுகளை வாரினார். அவருடைய வலது கை எலுமிச்சம்பழத்தை மூடியது.

"கை, மாமா."

இடது கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டும்."

"என்னையத் திருடன்னு சொல்றியா?"

"இல்லீங்க. தட்டிக் காட்டுங்கன்னுதான் சொல்றேன்."

தட்டவில்லை. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். சித்தப்பா குனிந்து மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். இஸ்பேட் ஆஸ் ஜமக்காளத்தில் விழுந்தது.

"கல்கண்டுக்குமா?" என்று யாரோ கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே அவரை நான் நாலு ஊர் சனத்துக்கு நடுவில் உட்கார வைத்தேன். பரிதாபமே வரவில்லை.

அம்மாதான் அந்தச் சீட்டைக் கையில் எடுத்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "அன்னைக்கும் நீதானா அண்ணா?" என்றாள்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்திருக்கப் பார்த்தார், கால் மரத்துப்போயிருந்ததால் முடியவில்லை. அதற்குள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அப்பா எழுந்து வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. சித்தப்பா அவசரமாகத் தன் இடத்தைக் கொடுத்தார். "உடுங்க மச்சான், போனது போச்சு" என்று அப்பா சொல்லப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், பயந்தேன்.

அப்பா மாமாவுக்கு நேரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். மாமாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு ஆட்டம் போடச் சொல்லு சாமி. இந்தத் தடவ ஒவ்வொரு சீட்டுக்கும் கையத் தட்டிக் காட்டட்டும்."

நான் கட்டை மாமாவின் பக்கம் தள்ளினேன்.