துண்டு துண்டாகக் கப்பலேறிய வீடு

போன வாரம் ஒரு வீட்டை ஈமெயிலில் அனுப்பிவைத்தேன். ஒரேயடியாகப் போகவில்லை. ஹால் தனி, கிச்சன் தனி, பாத்ரூம் தனி... எல்லாம் நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும் ஒரு கப்பலுக்கு.

சிரிக்காதீர்கள். முழுசாகக் கேளுங்கள்.

செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்குக் கிட்டத்தட்ட என் வயசு. மழை வந்தால் இரண்டு பேருக்குமே தொந்தரவுதான். அதனால் ரீடெவலப்மென்ட் — இதை இடித்துவிட்டு, அதே இடத்தில் உயரமாக ஒன்று கட்டித் தரப்போகிறார்கள். மும்பைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? பிள்ளைக்குக் கல்யாணம் ஆச்சா என்று கேட்பதைவிட, "உங்க பில்டிங் எப்ப போகுது?" என்று கேட்பதுதான் இங்கே அதிகம்.

யாருக்கு எந்த வீடு என்று சீட்டுக் குலுக்கினார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரே மாடியில் எதிரெதிராக இரண்டு வீடு. ஒரு வீட்டு ஜன்னலில் காடி தெரியும். காடி என்றால் கடல் உள்ளே புகுந்து வருகிற கழிமுகம். சீசனில் ஃபிளமிங்கோக்கள் வந்து இறங்கி, அந்தப் பக்கமே ரோஸ் கலராகிவிடும். இன்னொரு வீட்டு ஜன்னலில் மெயின் ரோடு. முதலில் தேர்ந்தெடுக்கிற உரிமை சீட்டில் கீழ் மாடி செல்விக்கு விழுந்தது. அவள் எதை விடுகிறாளோ, அது எனக்கு.

எனக்கு எது வேண்டும் என்று கேட்கிறீர்களா? இதென்ன கேள்வி! மாட்டுங்காவில் எதிர்வீட்டுக் கொடியில் காயும் வேட்டியை மட்டும் பார்த்து வளர்ந்தவள் நான். காடிதான் வேண்டும். ஆனால் வாயைத் திறந்து அதைச் சொல்ல முடியுமா?

செல்வி தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிப் பெண். கணவர் பேச்சிமுத்து சரக்குக் கப்பலில் ஃபிட்டர். வருஷத்தில் பெரும்பாதி தண்ணீரில்தான். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் இரண்டு பேரும் சம்மதம் சொல்ல வேண்டும். "மெயில் பி சலேகா. லேகின் சண்டே தக்!" என்று செக்ரட்டரி கறாராகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்குள் கப்பலிலிருந்து மெயில் வந்தால் போதும். வராவிட்டால் கமிட்டி வைத்ததே சட்டம்.

புதன்கிழமை செல்வி வந்து நின்றாள்.

"யக்கா, நீங்க கம்ப்யூட்டர்ல பெரிய ஆளாம்லா. இந்தப் பிளான அவுகளுக்கு அனுப்பணும்க்கா."

"உதவி கேட்க அவளுக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் முறைத்தேன்.

"உனக்கு எதும்மா பிடிச்சிருக்கு?" என்று அவளிடம் கேட்டேன். சும்மா கேட்பது மாதிரிதான்.

"நான் சொல்ல மாட்டேன்க்கா. எல்லாரும் காடிப் பக்கம் எடுன்னுதான் சொல்லுதாக. அம்பர்நாத்துல இருந்து கொழுந்தன் தெனமும் போன் போடுதாரு. நான் ஒண்ணச் சொன்னா அவுக சரின்னு தலையாட்டிருவாக. பொறவு காலம்பூரா எனக்கு உறுத்திக்கிட்டே கெடக்கும். லீவுக்கு வந்து கெடக்கப் போறது அவுக. அவுக மனசுல உள்ளது எனக்குத் தெரியணும்."

சரி, இதெல்லாம் ஒரு வேலையா? பில்டர் தன் வெப்சைட்டில் பிளானைப் போட்டிருந்தார். லிங்க்கை எடுத்து மெயிலில் வைத்து அனுப்பிவிட்டு, காபி கலக்கப் போனேன்.

மறுநாள் பதில் வந்தது: "லிங்க் வந்துச்சு. அமுக்கினா ஒண்ணும் தொறக்கல."

அப்புறம்தான் செல்வி சொன்னாள். புதுக் கப்பல்களில் வீடியோ காலே வருகிறதாம். இது கிழட்டுக் கப்பல். இன்டர்நெட் கிடையாது, ஈமெயில் மட்டும் உண்டு. அதுவும் கேப்டன் கம்ப்யூட்டருக்குத்தான் வரும். அவர் பிரிண்ட் எடுத்து ஆள் ஆளுக்குக் கொடுப்பார். புருஷன் பெண்டாட்டி சமாசாரம் அத்தனையும் கேப்டன் கையைத் தாண்டித்தான் போகணும். அதனால்தான் செல்வியின் மெயில்கள் எல்லாம் ஆபீஸ் சர்க்குலர் மாதிரி இருக்கும் — நலம், பிள்ளை நலம், கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது.

சரி, லிங்க் வேண்டாம். பிளானையே டவுன்லோட் செய்து அட்டாச் பண்ணினேன். பில்டர் அதில் மரம், கார், நீச்சல்குளத்தில் சிரிக்கும் குடும்பம் எல்லாம் கலர் கலராகப் போட்டிருந்ததால் ஃபைல் யானைக் கனம். கப்பலுக்குப் போகிற மெயிலில் கனமாக எது இருந்தாலும் வழியிலேயே பிடுங்கிவிடுவார்களாம். பேச்சிமுத்துவின் பதில்: "வீடு வரல. வெறும் கவர்தான் வந்திருக்கு."

செல்வியின் முகம் சுருங்கிவிட்டது. "விடுங்கக்கா... கமிட்டி தாரத வாங்கிக்கிட வேண்டியதுதான்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விடுவேனா?

டயல்-அப் காலத்தில் நான் வேலை பார்த்த ஆபீஸிலும் இதே கதைதான். இன்டர்நெட் கிடையாது, ஈமெயில் மட்டும்தான். அப்போது ஒரு வித்தை இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? வேண்டிய பக்கத்தின் விலாசத்தை எழுதி ஒரு மெயில் முகவரிக்குத் தட்டிவிட்டால், கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமே மெயிலில் வந்து நிற்கும். வெறும் எழுத்துதான், படம் வராது. பெரிய ஃபைல் என்றால் துண்டு துண்டாக வரும். நாம் உட்கார்ந்து சேர்க்க வேண்டும். அப்படி எவ்வளவு சேர்த்திருப்பேன்!

அதே வித்தையைத் தலைகீழாகச் செய்தேன். மரத்தை வெட்டினேன். காரை எடுத்தேன். நீச்சல்குளக் குடும்பத்தை ஈவு இரக்கமில்லாமல் வெளியேற்றினேன். கறுப்பு வெள்ளையாக்கி, ஹால், கிச்சன், பெட்ரூம், பாத்ரூம், பால்கனி என்று கத்தரித்து, ஒரு மெயிலுக்கு ஓர் அறை வீதம் அனுப்பினேன். இரண்டு வீட்டையும்தான்.

ரோட்டுப் பக்க வீட்டை மட்டும் கொஞ்சம் பளிச்சென்று அனுப்பலாமா என்று மனசு கேட்டது. மறைப்பானேன்? கேட்டது. பக்கத்தில் அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டையும் ஒரே மாதிரிதான் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பதில்: "எல்லாம் வந்துச்சு. ஆனா நடு ஹால்ல எதுக்கு கக்கூஸ் வச்சிருக்காவ?"

அட ராமா! துண்டுகளுக்கு நம்பர் போட மறந்திருக்கிறேன். கப்பலில் எது முதலில் வந்ததோ அதிலிருந்து ஒட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்து, சமையல்காரர் ஒன்று சொல்ல, எலெக்ட்ரீஷியன் ஒன்று சொல்ல, கேப்டன் வந்து வாஸ்து பார்த்துவிட்டுப் போனாராம். செல்வி சிரித்த சிரிப்பில் அவள் கொண்டுவந்த முறுக்குத் தட்டே கவிழ்ந்தது. எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்று எழுதி இன்னொரு மெயில் போட்டேன்.

"யக்கா, பிளான்ல ஜன்னல் இருக்கு. ஜன்னல்ல என்ன தெரியும்னு இல்லியே?" என்றாள்.

நியாயம்தானே? "நீயே எழுதேன்" என்று கம்ப்யூட்டரை அவள் பக்கம் நகர்த்தினேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கண் போகுமா, போகாதா? படித்துவிட்டேன்.

காடிப் பக்கம்: தண்ணி தெரியும், பறவை வரும். அவ்வளவுதான், முடிந்தது.

ரோட்டுப் பக்கம்... நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. பஸ் ஸ்டாப், வடாபாவ் கடை, காலையில் கத்திக்கொண்டே வரும் கொத்தமல்லிக்காரி, ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளைகள், கணபதி ஊர்வலம் வந்தால் பால்கனியிலிருந்தே பார்க்கலாம், நீங்க இல்லாத நாளில் ஆள் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்... சர்க்குலர் எழுதுகிற செல்வியா இது?

எந்த வீடு வேண்டுமென்று எங்குமே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு உள்ளுக்குள்ளே குஷி. கூடவே சின்ன பயம். பாவம், அந்த மனுஷர் காடி என்று சொல்லிவிட்டால் இவள் என்ன செய்வாள்?

சனிக்கிழமை பதில் இல்லை. ஞாயிறு காலையும் இல்லை.

கீழே மீட்டிங் ஆரம்பமானது. டீ வந்தது, பார்க்கிங் சண்டை வந்தது, மெயில் வரவில்லை. செக்ரட்டரி எங்கள் இரண்டு வீட்டு விஷயத்துக்கு வந்துவிட்டார். "க்யா ஹுவா, மேடம்?" மெயில் என்ன ஆச்சு என்கிறார். செல்வி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து, கட்டடத்தின் தண்ணீர் பம்ப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். எங்கள் சொசைட்டியில் பம்ப் பேச்சை எடுத்தால் போதும், யாரும் லேசில் நிறுத்த மாட்டார்கள்.

பம்ப் சண்டை ஓயும் நேரத்தில் அவள் போன் 'டிங்' என்றது. இரண்டு மெயில். ஒன்று கேப்டனே இங்கிலீஷில் எழுதியது — ஃபிட்டர் பேச்சிமுத்து ரோட்டுப் பக்க வீட்டுக்குச் சம்மதிக்கிறார், இப்படிக்கு கேப்டன். இன்னொன்று பேச்சிமுத்து. செல்வி என்னிடம் போனை நீட்டினாள். அவளால் படிக்க முடியவில்லை, கண் மறைத்தது.

"ரோட்டுப் பக்கம் எடு செல்வி. தண்ணியப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு. லீவுல வந்தா நாலு மனுச மக்களப் பாக்கணும். நீ ஏதோ பெருசா எழுதியிருக்கன்னு கேப்டன் சொன்னாரு. இன்னும் கைக்கு வரல. மீட்டிங் இருக்கேன்னு அதுக்கு முந்தியே பதில் போட்டுட்டேன். உனக்கு வேற ஆசை இருந்தா சொல்லு."

"நான் எழுதினத அவுக இன்னும் படிக்கவே இல்லக்கா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது. அவளுக்காகவும்... சரி சரி, எனக்காகவும்தான்! "ஃபிளமிங்கோவுக்கு இப்பவே சமைக்க ஆரம்பிச்சுடாதே" என்கிறார் வீட்டுக்காரர்.

இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் லிங்க்கைத் தட்டிவிடுகிறோம். எத்தனை பேர் திறக்கிறார்கள்? கொஞ்சம்தான் போகும் என்று ஒரு கட்டுப்பாடு இருந்தால்தான், எதை அனுப்புவது என்று உட்கார்ந்து யோசிக்கிறோம் போலிருக்கிறது.

நேற்று இன்னொரு மெயில் வந்ததாம். செல்வி எழுதியது கைக்கு வந்துவிட்டது. அதையும் சேர்த்து ஒட்டியாகிவிட்டது.

ஆக, எங்கள் புதுக் கட்டடத்துக்கு இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. ஆனால் செல்வியின் வீடு ரெடி — நடுக்கடலில், ஃபிட்டர் கேபின் சுவரில், செல்லோடேப் போட்டு!