தூக்கி வைப்பதற்கென்று ஓர் எடை

சீசன் நேரத்தில் தென்காசியில் நோயாளியாகப் படுக்கக் கூடாது. குற்றாலத்துக்குக் குளிக்க வரும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், வந்ததோடு வந்ததாக ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போவார்கள். கையில் பழம் இருக்கிறதோ இல்லையோ, ஈரத்துண்டு கட்டாயம் இருக்கும்.

சாரல் பிடித்த இரண்டாம் வாரம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடது தொடை எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நெஞ்சில் சளி கட்டியிருந்ததால் உடனே ஆபரேஷன் செய்ய முடியவில்லை. சளி தெளிகிறவரை காலை இழுத்துப் பிடித்து வைக்க வேண்டும் என்றார் டாக்டர். இல்லாவிட்டால் தொடைத் தசை தன் போக்கில் சுருங்கி, முறிந்த முனைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிவிடும். வலி உயிரை எடுக்கும். கால் குட்டையாகிவிடும் பயமும் உண்டு. காலில் பட்டை சுற்றி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் கப்பி வழியாக மூன்று கிலோ இரும்பு எடையைத் தொங்கவிட்டார்கள். இழுவை விடவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை.

எனக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. முப்பத்திநாலு வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன். டேப்பின் முனையில் ஸ்பிரிங் தராசைக் கோத்து, முள் ஒரே இடத்தில் நிற்கும்படி இழுத்தால்தான் அளவு சரியாக வரும். கை தளர்ந்தால் ஒருவன் வரப்பு இன்னொருவன் வயலுக்குள் போய்விடும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது கோஷ்டி வந்தது. நான் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினால் எடை ஸ்டூலின் மேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் என் மனைவியின் மதினி.

"நாந்தான் தூக்கி வச்சேன், அண்ணாச்சி. கோழியக் கெட்டுன மாதிரி கால்ல இரும்பக் கெட்டித் தொங்க விட்டுருக்காங்க. பாவம், பாத்துக்கிட்டு இருக்க முடியுதா?"

"அது வைத்தியம்மா."

"வைத்தியந்தான். நாங்க இருக்க மட்டும் செத்த நேரம் எறக்கி வச்சா என்ன கொறஞ்சிரப் போகுது?"

"கால் கொறஞ்சிரும்."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. எடையைத் திரும்பத் தொங்கவிட்டேன். அவர்கள் போனதும் என் மனைவி என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வலிக்கலயா? உசுரு போச்சு. அதுக்காக வந்தவ மொகத்த முறிக்கவா முடியும்?" எலும்பு முறியலாம், வந்தவள் முகம் முறியக் கூடாது. என்ன நாகரிகமோ.

அன்று பொழுது சாய்வதற்குள் இன்னும் மூன்று பேர் தூக்கி வைத்தார்கள். 'எடையைத் தொடாதீர்கள்' என்று அட்டையில் எழுதிக் கட்டினேன். அந்த அட்டையின் மேல் ஒருவர் துண்டைக் காயப்போட்டார்.

டாக்டரிடம் கத்தினேன். எடைக்குப் பதிலாக ஸ்பிரிங் பெட்டி ஒன்று இருக்கிறது, கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்கிறேன் என்றார். அதை வடிவமைத்த பெண்ணே கொண்டுவந்து கட்டிலில் மாட்டினாள். நான் விடவில்லை.

"ஸ்பிரிங்னா நீள நீள இழுவை கூடும், சுருங்கினா குறையும். இவ மெத்தையில ஒரு சாண் சறுக்கினா என்ன ஆகும்?"

"நீங்க சொல்றது கம்பிச் சுருள் சார். இது பட்டைச் சுருள்." மூடியைத் திறந்து காட்டினாள். மெல்லிய எஃகுப் பட்டை ஒன்று பாய் போலச் சுருண்டிருந்தது. "எவ்வளவு நீளம் வெளியே வந்தாலும், சுருளை விட்டு நிமிர்ற அந்தச் சின்ன இடந்தான் திரும்பச் சுருளப் பார்க்குது. அந்த இடம் எப்பவும் ஒரே அளவு. அதனால இழுவையும் ஒரே அளவு."

வீட்டுக்குப் போய் என் பழைய ஸ்பிரிங் தராசை எடுத்துவந்தேன். பட்டையை ஒரு சாண் இழுத்தேன், பிறகு ஒரு முழம். முள் மூன்றிலேயே நின்றது. தராசைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள்தான் அந்த நிம்மதி. வீரகேரளம்புதூரிலிருந்து என் மைத்துனன் வந்தான். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவன். ஐந்தருவியில் குளித்து, புளியறைப் பக்கம் போய்ப் புரோட்டாவும் தின்றுவிட்டு வந்து, பெட்டியைச் சந்தேகக் கேஸைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"என்னத்தான், ஒண்ணுமே தொங்கலயே. வைத்தியம் பாக்காங்களா, இல்ல சும்மா போட்டு வச்சிருக்காங்களா?"

விளக்கிச் சொல்லிவிட்டு அவனுக்குத்தான் காப்பி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. அவன் போய் வெகுநேரம் கழித்து, என் மனைவி முகம் வெளுத்து முனகினாள். கயிற்றைத் தொட்டேன். துணி காயப்போடும் கொடிபோலத் தொய்ந்து கிடந்தது. பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. படுக்கை மாற்றும்போது நர்ஸ் பட்டையைப் பூட்டுவதற்கானது. பூட்டிவிட்டால் பட்டை நகராது. நோயாளி கொஞ்சம் சறுக்கினாலும் இழுவை போய்விடும்.

போன் செய்தேன். "அக்கா கால் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்னு லாக் பண்ணுனேன் அத்தான். எடுத்துவிட மறந்துட்டேன்." முப்பது வருடம் லாக்கப் பார்த்தவனுக்குப் பூட்ட மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது.

அவனைவிட அந்தப் பெண் மேல்தான் எனக்கு ஆத்திரம். அவளையும் கூப்பிட்டேன். "எடை தொங்கினா தொங்குறது தெரியும், தூக்கினா தூக்கினது தெரியும். உங்க பெட்டி இழுக்குதா, சும்மா இருக்குதான்னு யாருக்குத் தெரியும்?"

"நர்ஸ் பார்த்துக்குவாங்கன்னு நினைச்சோம் சார்."

"ஆளில்லாத ரூமுக்குச் செஞ்சிருக்கீங்க. இங்க எந்நேரமும் ஏழு பேர் நிக்கிறாங்க. ஏழு பேருக்கும் கை இருக்கு."

"நீங்க சொல்றது சரி சார்" என்றாள். மறுநாள் வந்து நெம்புகோலைக் கழற்றிவிட்டுச் சாவித் துளை வைத்தாள். பூட்டியிருக்கும்போது சாவி துளையை விட்டு வராது. சாவி வெளியே இருந்தால் பெட்டி இழுக்கிறது என்று அர்த்தம். அதை அரைஞாணில் கோத்துக்கொண்டேன். படுக்கை மாற்றும்போதெல்லாம் என்னிடம் வந்து வாங்கிப்போக வேண்டியிருந்ததில் நர்ஸுக்கு என்மேல் கடுப்பு. இருக்கட்டும்.

இதோடு முடிந்ததா? தூக்கி வைக்க ஒன்றும் கிடைக்காததால் வந்தவர்கள் கயிற்று முடிச்சில் கைவைக்க ஆரம்பித்தார்கள். நான் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒருவரையும் விடுவதில்லை என்றேன். அப்போதுதான் என் மனைவி சொன்னாள்: "அந்தப் பழைய எடைய எடுத்துட்டு வந்து கட்டில் கம்பியில சும்மா கெட்டித் தொங்க விடுங்க. தூக்கி வைக்கிறவங்க தூக்கி வச்சிட்டு நிம்மதியாப் போட்டும்."

தொங்கவிட்டேன். அது எதையும் இழுக்கவில்லை, எதோடும் சேரவில்லை. ஆபரேஷன் நாள்வரை அதைப் பதினான்கு பேர் "பாவம்" என்று சொல்லி ஸ்டூலில் தூக்கி வைத்தார்கள். "இப்பதான் உசுரு வந்துச்சு" என்று ஒவ்வொருவரிடமும் இவளும் சொன்னாள். கயிற்றை ஒருவரும் தொடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் பிரித்ததும் இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால்வரை இரண்டு கால்களையும் என் டேப்பால் அளந்தேன். இடது கால் நான்கு மில்லிமீட்டர் குறைவு. எங்கும் விழாதவர்களுக்கே அந்த வித்தியாசம் இருக்கும் என்று டாக்டர் சிரித்தார். "செருப்புல போயிரும்" என்கிறாள் இவள். இப்போது சன்னதித் தெருவரை நடந்து போய்ப் பூ வாங்கி வருகிறாள்.

நேற்று மைத்துனன் போன் செய்தான். "தண்ணி நல்லா விழுகுது அத்தான், ஞாயித்துக்கிழம வாறோம்." வரச் சொல் என்று இவள் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறாள். வரட்டும். அந்த நான்கு மில்லிமீட்டர் யாருடையது என்று அவன் துண்டைக் காயப்போடுவதற்கு முன்பே கேட்கப்போகிறேன்.