கயிறு கட்டி இழுத்த மிசின்

போன மாதம் என் மகனுடைய உழவு மிசின் வயலுக்குள்ளேயே நின்றுவிட்டது. புது மாதிரி மிசின். கியர் தடி இல்லை. காலால் அமத்தினால் உள்ளே எண்ணெய் ஓடி, அந்த எண்ணெயே சக்கரச் சில்லைச் சுழற்றும் என்று சொன்னான். அதை இன்னொரு மிசினில் கட்டி வீட்டுக்கு இழுத்து வர ஆயத்தம் பண்ணினான். நான் விடவில்லை. முதலில் விற்றவனைக் கேள் என்றேன். இந்த வகை மிசினைச் சும்மா கட்டி இழுத்தால் உள்ளே சூடேறி எல்லாம் தேய்ந்துபோகும், கட்டாயம் என்றால் ஒரு பிடியைத் திறந்துவிட்டு ஆள் நடக்கிற வேகத்தில் கொஞ்சத் தூரம் மட்டும் இழுக்கலாம் என்று அவன் சொன்னானாம். "அம்மாவுக்கு உது எப்பிடித் தெரியும்?" என்று மகன் சிரித்தான். படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்போடு நின்றது. மிசினின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதுதான். ஆனால் மிசின் கட்டி இழுக்கிற கதையை என்னிடம் யாரும் கதைக்க வரவேண்டாம். லொறி பிடித்து ஏற்ற வைத்தேன்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலம் அது; மன்னாரில் கீரி என்ற கரையூரில் நாங்கள் கடல்காரர். அப்பா மட்டும் வள்ளத்தில் தனக்கிருந்த பங்கை விற்று, யாரோ ஓட்டிக் களைத்த ஒரு பழைய மிசினை வாங்கினார். எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் மிசின். வள்ளங்களைக் கரையேற்றும், மீன்பெட்டி இழுக்கும், மழைக் காலம் பிறந்தால் அப்பாவோடு வெள்ளாங்குளத்துக்கு உழவுக்குப் போய்விடும். அப்பா அதை உழவுக்காக வாங்கினாரோ ஓட்டத்துக்காக வாங்கினாரோ எனக்குத் தெரியாது. அந்தக் காலத்து மிசின் மாட்டுவண்டியை முந்துவதே பெரிய காரியம். அவருக்கோ பஸ்ஸை முந்தவேண்டும். இறக்கம் கண்டால் கியரைக் கழற்றிவிட்டு உருட்டுவார். ஓட்டத்திலேயே திரும்பவும் கியரைப் போடுவார். உள்ளே இரும்பு பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். நாங்கள் பிள்ளைகள் கை தட்டுவோம்.

ஒரு வருடம் உழவு நடந்துகொண்டிருக்கும்போது அந்தக் கியர்ப் பல் உடைந்தது. மிசின் வெள்ளாங்குளத்தில் நிற்கிறது என்று பஸ்காரரிடம் சொல்லி அனுப்பினார் அப்பா. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அயலூரில் ஒரு மிசினை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். மாமாவுக்கு, தை மாதத்தில் கோயிலில் வரும் மூன்று இராசாக்கள் திருநாள் கழிந்ததும் கலியாணம். தலைமன்னார்ப் பக்கத்துப் பெண். மாமனார் ஆகப்போகிறவர் தன்னுடைய வள்ளத்தை மாமாவின் கையில் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் மற்றவர்களின் வள்ளத்தில் நின்ற மனிதர் மாமா. அந்த வள்ளத்துக்கு என்ன நிறம் அடிப்பது என்று எங்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தார். நான் பச்சை என்றிருந்தேன்.

பள்ளிக்கூட விடுதலை. நானும் வருவேன் என்று அழுதேன். "கவனமாப் போட்டு வா தம்பி" என்று சொல்லி, என்னையும் தூக்கி மிசினில் இருத்தினார் அம்மா.

வெள்ளாங்குளத்தில் அப்பா உழுத வயலின் சொந்தக்காரர் ஓர் இரும்புத் தண்டைக் கொண்டுவந்து போட்டார். கயிறு வேண்டாம், இந்தத் தண்டை இரண்டு மிசினுக்கும் நடுவில் பூட்டுங்கோ, அப்போதுதான் பின்னால் வருவது முன்னால் போவதில் மோதாது என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது.

"கடல்ல எத்தினை வள்ளம் கட்டி இழுத்தனாங்கள். எங்களுக்குக் கட்டப் பழக்கிறீரோ?"

மாமாவும் சிரித்தார். இந்தப் பிழையை இருவரும் சேர்ந்துதான் செய்தார்கள், அதை மறைக்கக் கூடாது. கடலில் பழுதான வள்ளத்தை இழுக்கும்போது கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. அலை தூக்கும்போது கயிறு தொய்ந்து கொடுக்கும், வெட்டி இழுக்காது. பின் வள்ளத்தில் இருப்பவன் சேட்டை, போட்டிருக்கிற சட்டையை, கழற்றி ஆட்டினால் முன்வள்ளம் வேகத்தைக் குறைக்கும். முன்னால் போகிறவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். அதுதான் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த முறை. அந்த முறையிலேயே வள்ளக் கயிற்றை நல்ல நீளமாக விட்டுக் கட்டினார்கள். கடலில் இறக்கம் இல்லை என்பதை அவர்கள் நினைக்கவில்லை.

அப்பா முன் மிசினில். நான் அவருக்குப் பக்கத்தில், சில்லுக்கு மேலே உள்ள தகட்டில், பின்னால் பார்த்துக்கொண்டு. கயிற்றின் மறுபக்கம் பழுதான மிசினில் மாமா. "திரும்பிப் பாத்துப் பாத்துப் போங்கோ அத்தான்" என்றார். "நீ நித்திரை கொள்ளாமல் வா மச்சான்" என்றார் அப்பா. வழியில் இலுப்பைக்கடவை மட்டுக்கும் ஒழுங்காகத்தான் வந்தோம். மாமா பாடிக்கொண்டு வந்தார். சத்தம் கேட்காது, வாய் அசைவது தெரியும்.

இலுப்பைக்கடவையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். கடையில் இருந்தவர்களுக்கு எங்களைக் கண்டதும் கொண்டாட்டம்.

"என்ன அண்ணை, மிசினுக்கு மிசினே பூட்டியிருக்கிறீங்கள்? மாடு கிடைக்கேல்லையோ?"

"உந்த ஓட்டத்தில போனால் நத்தாருக்குப் பாலன் பிறந்த பிறகுதான் கீரி."

மாமா அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அப்பா பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிவிட்டார். கோயிலில் பின்னேர மணி அடிக்க முதல் கீரியில் நிற்கிறேன் பார், என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மாமாவின் மிசின் பள்ளங்களில் விழுந்து எழும்பியது. அவர் பாடவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சேட்டைக் கழற்றினார், ஆட்டினார். நான் அப்பாவின் காதுக்குள் கத்தினேன், மாமா சேட்டை ஆட்டுறார் என்று.

"அவன் ஒரு பயந்தாங்கொள்ளி" என்றார் அப்பா. வேகம் குறையவில்லை.

றோட்டு ஒரு மதகில் ஏறி மறுபக்கம் இறங்கியது. நாங்கள் இறங்கிச் சமநிலத்துக்கு வந்துவிட்டோம். மாமாவின் மிசின் அப்போதுதான் இறங்கத் தொடங்கியது. பாரத்தில் தானாக உருண்டு எங்களை நெருங்கியது. கயிறு தொய்ந்து தரையில் கிடந்து, அதன் முன் சில்லுக்குள் போனது. மாமா பிரேக்கை மிதித்தார். உழவு மிசினுக்கு வலப்பக்கச் சில்லுக்கு ஒரு பிரேக், இடப்பக்கத்துக்கு ஒன்று. வயலில் சட்டென்று திருப்புவதற்காக ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். றோட்டில் ஏற முதல் இரண்டையும் ஒரு கொளுக்கியால் ஒன்றாகப் பூட்டவேண்டும். அது உழுதவனின் வேலை. அப்பா பூட்டவில்லை. கடல்காரரான மாமாவுக்கு அப்படி ஒரு கொளுக்கி இருப்பதே தெரியாது. ஒரு பக்கச் சில்லு மட்டும் இறுகிப்போக, மிசின் குறுக்கே திரும்பிப் பள்ளத்துக்குள் சரிந்தது. மாமாவின் வலக்கால் அதன் கீழே இருந்தது.

உழவர்களும் மாட்டுக்காரர்களும் ஓடிவந்து தூக்கினார்கள். அந்தப் பக்கமாக வந்த லொறியில் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். லொறிக்குள் அப்பா மாமாவின் தலையை மடியில் வைத்திருந்தார். மாமா காலைப் பார்க்கவில்லை. வள்ளத்தில் நிற்கலாமோ, வள்ளத்தில் நிற்கலாமோ என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். நான்தான், ஓம் மாமா, நிக்கலாம் என்றேன்.

அடுத்தநாள் அம்மா கட்டில் ஓரத்தில் நின்று, எப்படி நடந்தது என்று கேட்டார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா சொன்னார்:

"அத்தானை ஏசாதை அக்கா. அவர் மெல்லமாத்தான் போனவர். நான்தான் ஓடுங்கோ ஓடுங்கோ எண்டு சேட்டை ஆட்டினனான்."

எனக்கு வாய் திறந்துவிட்டது. மாமா என்னைப் பார்த்த பார்வையில் அது மூடிக்கொண்டது. அம்மா ஓம் தம்பி, ஓம் தம்பி என்று சொல்லி அவருடைய முகத்தைத் துடைத்தார். கடலில் பிறந்து வளர்ந்தவர் அம்மா. சேட்டை ஆட்டினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? எனக்கு அப்போது அந்த யோசனை வரவில்லை. நான் கோயிலில் முதல் நற்கருணை, அந்தப் புதுநன்மை, வாங்கிய வருடம் அது. மாமா பொய் சொன்னது பாவம், அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொல்வாரோ மாட்டாரோ என்பதுதான் என்னுடைய கவலை.

மாமாவின் காலை வெட்டி எடுக்கவில்லை. ஆனால் அது முழங்காலில் மடங்காமல் போனது. ஆடுகிற வள்ளத்தில் அந்தக் காலோடு நிற்க முடியாது. மூன்று இராசாக்கள் திருநாள் வந்து போனது. பெண் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை, வரவும் இல்லை. அந்த வள்ளத்தை வேறு யாரோ எடுத்தார்கள். மாமா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். மிசினைத் திருத்தினார்கள். அதன்பிறகு அப்பா அதைச் சைக்கிள்கள் முந்துகிற மாதிரி ஓட்டினார். பிள்ளைகள் யாரும் கை தட்டவில்லை.

அந்த நாட்களில்தான் வீட்டில் எனக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய் வைக்கிற வேலை. அதுவரையில் அம்மாதான் வைப்பார். இப்போது மாமாவுக்குத் தன் கையால் போட்டு, பக்கத்தில் இருந்து சாப்பிட வைப்பார். அப்பாவின் சோற்றுக் கோப்பையைக் குசினி வாசலில் என் கையில் தருவார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் எத்தனையோ பேர் இருக்க என்னைத்தானே நம்பித் தருகிறார் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றினேன். தானும் கொண்டுபோகவேண்டும் என்று தங்கச்சி அழுவாள். நான் விடமாட்டேன்.

கோப்பையை வாங்கும்போது அப்பா என்னைப் பார்க்கமாட்டார். குசினி வாசலைத்தான் பார்ப்பார். கறி கொஞ்சம் கேட்கிறார் போலும் என்று நினைத்து, நான் ஓடிப்போய் இன்னும் ஒரு மீன் துண்டு வாங்கி வருவேன்.