ஆதம்பாவா மச்சானைத் தேடித் திருகோணமலைக்கு

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவர்கள் முதலில் சிரித்து முடித்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து பெரிது, ஓர் எழுத்து சிறிது. கோடு போட்ட தாளில் எழுதினாலும் வரி கடைசியில் சரிந்து கீழே போகிறது. எழுபது வயது தாண்டி முதியோர் வகுப்பில் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. குர்ஆன் ஓதச் சின்ன வயதிலேயே பழகியதால் அரபு எழுத்தைக் கண்டால் வாய் தானாக ஓதும். தமிழ் எழுத்தைக் கண்டால் இதுவரை வாய் மூடியே இருந்தது. இப்போது அதுவும் திறந்துவிட்டது. வாசிகசாலையில் தொங்கும் நமது கையெழுத்துப் பத்திரிகைக்கு இதை எழுதித் தரும்படி வகுப்பு ஆசிரியை கேட்டார். சண்டை நின்று பாதை திறந்திருக்கும் இந்த நாட்களில் திருகோணமலைக்குப் போக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் போன காரணம் ஐம்பது வருடத்துக்கு மேல் பழையது. என் மாமி மகன் ஆதம்பாவாவும் நானும் யப்பான்காரன் சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனோம். நான் நாட்கூலி. மச்சான் வெள்ளைக்காரனின் கூலிப் பட்டாளத்தில் சேர்ந்து காக்கிச் சட்டை போட்டவர். சித்திரை வருசப்பிறப்புக்கு நாலு நாள் முந்தி, காலையில், வானத்திலிருந்து குண்டு விழுந்தது. ஆயிரக்கணக்கான கூலியாட்கள் அன்றைக்கே துறைமுகத்தை விட்டு ஓடினார்கள். அதில் நானும் ஒருவன். பின்னால் மச்சானும் வருகிறார் என்று நினைத்துக்கொண்டே கடற்கரையோரம் நடந்து ஊர் வந்து சேர்ந்தேன். அவர் வரவில்லை. வெள்ளைக்காரனிடமிருந்து ஒரு தபால்கூட வரவில்லை.

ஆதம்பாவாவின் தங்கை செயினம்பு. பிறகு எனக்கு மனைவியாக வந்தவ. மச்சான் கொழும்புப் பக்கம் ஓடி அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டார் என்று ஊரில் ஒரு கதை உலாவியது. யார் தொடக்கியதோ தெரியாது, கடைச் சந்தியில் வெற்றிலை விற்கும் உதுமாலெவ்வை அதை விடாமல் வைத்திருந்தார். செயினம்புவின் தாய்வழிக் குடியில் யாரோடாவது வாய்த்தர்க்கம் வந்தால், "ஓடின ஆள்ர குடிதானே" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அந்தக் கதையைவிட இன்னொன்றுதான் செயினம்புவை வாட்டியது. மாமி, தன் மகன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லி, தான் மௌத்தாகும் வரைக்கும் அவர் பெயரில், இறந்தவர்களுக்கு ஓதும் கத்தம் ஓத விடவில்லை. அதனால் ஒவ்வொரு நோன்பிலும் துஆக் கேட்கும்போது செயினம்பு தடுமாறுவா. உயிரோடு இருப்பவர்களுக்குக் கேட்கும் துஆவில் காக்காவின், அதுதான் அண்ணனின், பெயரைச் சேர்ப்பதா, மௌத்தானவர்களுக்குக் கேட்கும் துஆவில் சேர்ப்பதா? இரண்டிலும் சேர்க்காமல் எழும்பிப் போன நாட்களும் உண்டு.

மருதமுனை அன்சார் சாறன் வியாபாரி. பாதை திறந்ததும் தறியில் நெய்த சாறன்களை வேனில் ஏற்றித் திருகோணமலைக்குப் போய் விற்று வந்தவர். வெள்ளைக்காரரின் பழைய படைவீரர் மயானத்தில் அரபு எழுத்துப் போட்ட கல்லும் இருப்பதைக் கண்டதாகத் தேநீர்க் கடையில் சொன்னார். நான் அதை வீட்டில் சொன்னேன். செயினம்பு அரைத்துக்கொண்டிருந்த அம்மியை விட்டு எழும்பி, அன்சாரின் வேன் அடுத்ததாக எப்போது போகிறது என்று மட்டும் கேட்டா.

போன வியாழக்கிழமை சுபஹுத் தொழுது, ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். சாறன் மூட்டைகளுக்கு நடுவில் இடம். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு, வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, கந்தளாய் என்று சுற்றித்தான் போக வேண்டும். நூற்றறுபது மைலுக்குக் குறையாது. நான் அன்றைக்கு நடந்து வந்த கடற்கரைப் பாதையில் இப்போது வாகனம் போகாது.

வழி முழுக்க நான் பலகைகளை வாசித்தேன். பாண்டிருப்பு. களுவாஞ்சிக்குடி. ஆரையம்பதி. இத்தனை வருடம் இந்த ஊர்களை மரத்தையும் கடையையும் வைத்து அடையாளம் கண்டவன், அன்றைக்கு ஒவ்வோர் ஊரும் தன் பெயரைத் தானே எனக்குச் சொன்னது. கல்லடிப் பாலத்தில் 'மெதுவாகச் செல்லவும்' என்பதை நான் வாசித்து முடிப்பதற்குள் வேன் பாலத்தைக் கடந்துவிட்டது.

"இஞ்சருங்க, போர்டெல்லாத்தையும் ஓதி முடிச்சிட்டுத்தான் போறதா?" என்றா செயினம்பு.

"மாமி, மாமா வாசிக்கட்டும். ரேடியோ பழுது," என்றார் அன்சார்.

சோதனைச் சாவடிகளை நான் எண்ணவில்லை. எல்லா இடத்திலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்துபோய் மறுபக்கம் ஏற வேண்டும். சாறன் மூட்டையை இரண்டு இடத்தில் அவிழ்த்துப் பார்த்தார்கள். மன்னம்பிட்டியில் ரயிலுக்கும் வாகனத்துக்கும் ஒரே பாலம். ரயில் போகும் வரை அரை மணி நேரம் நின்றோம். பகல் சாப்பாடு கதுருவெலயில். அங்கே நம்மவர் கடைகள் நிறைய உண்டு, மாட்டிறைச்சிக் கறியோடு சோறு முப்பத்தைந்து ரூபாய், கறி கொஞ்சம் உப்பு. திருகோணமலையை அடையும்போது அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. அன்சாரின் கூட்டாளி வீட்டில் தங்கினோம்.

மயானம் நகரிலிருந்து நிலாவெளிப் பாதையில் மூன்று மைலுக்கு மேல். காலை எட்டு மணிக்கு வாசலில் இறங்கியதும் செயினம்பு நின்றுவிட்டா. பெண்கள் மையவாடிக்குள் போவதில்லையே. அன்சார், "மாமி, இது பூந்தோட்டம் மாதிரித்தான், பாருங்க," என்றார். உண்மையில் அப்படித்தான் இருந்தது. மட்டமாக வெட்டிய புல், சிவப்புப் பூ, வெள்ளை வெள்ளையாக வரிசை பிடித்த கற்கள். நம் மையவாடியில் ஆடு மேய்வதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. செயினம்பு முக்காட்டை இழுத்துவிட்டு, பிஸ்மி சொல்லி உள்ளே வந்தா.

அரபுக் கல்லைக் கண்டது எந்த வரிசையில் என்று அன்சாருக்கு நினைவில்லை, அவர் வேனடியில் நின்றுகொண்டார். இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். ஆண் மையத்து என்றால் தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக இரண்டு மீசான் கட்டை நாட்டுவதுதான் நம் வழக்கம். அதனால் இரண்டு கல் உள்ள கபுறைத் தேடி வரிசை வரிசையாக நடந்தேன். எல்லாவற்றுக்கும் தலைமாட்டில் ஒரே ஒரு கல். கல்லில் எல்லாம் இங்கிலீசு. கிடைத்த புதுப் படிப்பு அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. ஒரு மணி நேரம் நடந்து, வெயிலும் ஏறி, கடைசி வரிசைக்குப் போகாமலே நான் வாசலுக்குத் திரும்பினேன். மச்சான் இங்கே இல்லை என்று செயினம்புவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அவ வாசல் பக்கம் இல்லை. மதிலோரமாகக் கடைசி வரிசையில் ஒரு கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தா. அவவுக்கு அந்தக் கல்லைக் காட்டிக்கொடுத்த தோட்டக்காரத் தம்பி தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நின்றார். நான் போகும்போது அவ கல்லின் மேல் விரல் வைத்து, ஓதல் பள்ளிப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தா.

"ஹுவல் கஃபூர்," என்றா. அவன் மன்னிப்பவன் என்று அர்த்தம். "இது நம்மட ஆள்தான். கீழ என்ன கிடக்கு எண்டு அன்சாரக் கூப்பிட்டுக் கேளுங்க."

அன்சார் வந்து குனிந்து, இங்கிலீசை விட்டு விட்டு வாசித்தார். கூலிப் பட்டாளத்தின் பெயர். பிறகு, மீராலெவ்வை ஆதம்பாவா. எங்கள் மாமாவின் பெயரும் மச்சானின் பெயரும் ஒன்றாக.

செயினம்பு அழவில்லை. "எண்டைக்கு மௌத்தாம்?" என்று கேட்டா.

அன்சார் தேதியை வாசித்தார். வருசப்பிறப்புக்கு முதல் நாள்.

செயினம்பு என்னை நிமிர்ந்து பார்த்தா. "குண்டு எண்டைக்கு விழுந்த?"

"வருசத்துக்கு நாலு நாளைக்கு முந்தி."

"நீங்க எண்டைக்கு ஓடின?"

"குண்டு விழுந்த அண்டைக்கே, புள்ள. பகல் சோத்துக்கு முந்தி."

"அப்ப காக்கா நிண்டிரிக்காரு," என்றா. "எல்லாரும் ஓடி மூணு நாள் காக்கா அங்க நிண்டிரிக்காரு." பிறகுதான் அழுதா, சிரித்துக்கொண்டே அழுதா. தோட்டக்காரத் தம்பி வாளியை வைத்துவிட்டு, அந்தக் கல்லை ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தார். இந்த வரிசைக்குத் தேடி வந்த முதல் ஆட்கள் நாங்கள்தான் என்றும், வெள்ளைக்காரர் கற்களுக்கு வருகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை என்றும் சொன்னார். நான் மச்சானுக்கு ஸலாம் சொன்னேன். மூவருமாக யாசீன் ஓதினோம்.

வெளியே போகுமுன், வருகிறவர்கள் எழுதும் புத்தகத்தைத் தம்பி நீட்டினார். மை பூசிப் பெருவிரலை வைத்துத்தான் அந்தக் காலத்தில் நான் இந்த ஊரில் சம்பளம் வாங்கினேன். இப்போது பேனையை வாங்கினேன். அன்சாருக்கு அவசரம், சந்தைக்குப் போக வேண்டும். "மாமா, கையெழுத்து மட்டும் போட்டாக் காணும்," என்றார். நான் கேட்கவில்லை. 'மீராலெவ்வை மகன் ஆதம்பாவா இங்கே இருக்கிறார். கல்முனையிலிருந்து அவர் தங்கையும் மச்சானும் வந்து கண்டோம்' என்று எழுதினேன். கால் மணி நேரம் ஆனது. இரண்டு வரி, சரியவில்லை. பக்கம் முழுவதும் இங்கிலீசு, நடுவில் என் தமிழ்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். அடையாள அட்டை இல்லாமல் புறப்படாதீர்கள். தண்ணீர் கொண்டு போங்கள். ஆறு மணிக்கு முன் நகருக்குள் போய்விட வேண்டும். மயானத்துக்கு எல்லா மதத்தாரும் போகலாம், காசு இல்லை. நம்மவரைத் தேடுகிறவர்கள் மதிலோரத்துக் கடைசி வரிசைக்குப் போங்கள். இரண்டு கல் தேடாதீர்கள். அங்கே இன்னும் இரண்டு அரபுக் கற்கள் உண்டு. யாருடைய பிள்ளைகளோ. நாங்கள் அவர்களுக்கும் ஓதினோம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்து வந்தோம். கை வலிக்கிறது, அதை அடுத்த கிழமை எழுதுகிறேன்.

ஊர் வந்த மூன்றாம் நாள் பகல், வீட்டில் கத்தம் வைத்தோம். ஐந்தாறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் இரண்டு போதும் என்றேன் நான். செயினம்பு பத்து சஹன் சோறு போட்டா. உதுமாலெவ்வையை அழைக்க அவ என்னைத்தான் அனுப்பினா, வேறு யாரையும் அனுப்ப விடவில்லை. அவரும் வெள்ளைச் சட்டை போட்டு வந்து, முன் வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். ஓத வந்த பள்ளிவாசல் லெவ்வை ஓதி முடித்து, துஆவுக்குக் கையேந்துமுன் மௌத்தானவரின் பெயரைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் திரைக்கு அந்தப் பக்கமிருந்து செயினம்புவின் குரல் வந்தது.

"மீராலெவ்வைர மகன் ஆதம்பாவா. ஓடல்ல எண்டதையும் சேத்து ஓதுங்க, லெவ்வை."

லெவ்வை திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கையேந்திய சபையெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. உதுமாலெவ்வைதான் முதலில் வாய் திறந்தார். "ஓதுங்க," என்றார். லெவ்வை ஓதினார், நாங்கள் எல்லோரும் ஆமீன் சொன்னோம்.